பலூப்பியின் இசையை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை

ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் வயசுப் பெண் தெருவில் நடந்து போனால் "எப்போ கல்யாணம்?" என்று கேட்பது வழக்கம். பலூப்பியைப் பார்த்தால் மட்டும் "எப்போ முடியுது?" என்று கேட்டார்கள். கல்யாணத்தைப் படிப்புக்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று மரியாதையாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். நல்ல தெரு.

முடிய வேண்டியது ஆய்வு. கலைக் கல்லூரியில் முதுகலைக்குச் சேர்ந்தபோது, இசை வரலாறு, இசையமைப்பு, இசை சிகிச்சை மூன்றையும் ஒரே ஆய்வில் சேர்த்துச் செய்கிறேன் என்று அவளே வாயைக் கொடுத்தாள். அப்போது எல்லோரும் கை தட்டினார்கள். மூன்று துறை என்பதால் மூன்று பேராசிரியர்கள் வந்து சேர்வார்கள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வரலாற்றுக்குப் பாக் குந்தோரோ; பாக் என்றால் அங்கே ஐயா. மெலிந்த மனிதர். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதாவது பாரும்மா, இதைப் புரிஞ்சுக்கணும்னா அரண்மனை ரெண்டா பிரிஞ்ச காலத்துக்குப் போகணும்" என்று ஆரம்பிப்பார். கழிப்பறைச் சாவி எங்கே என்று கேட்டாலும் அங்கே போய்விட்டுத்தான் திரும்புவார்.

இசையமைப்புக்குப் பாக் லெக்ஸோனோ. பின்னால் குடுமி. "ம்ம்" என்பார். அடுத்த வார்த்தை வருவதற்குள் எதிரே இருப்பவர் தன் மொத்த வாழ்க்கையையும் ஒருமுறை நினைத்துப் பார்த்து வருந்தி முடித்துவிடலாம்.

சிகிச்சைக்கு இபு தர்யந்தி; இபு என்றால் அம்மா. வெளிநாட்டில் படித்தவர். "நல்லா இருந்துச்சுன்னா எவ்வளவு நல்லா இருந்துச்சு? பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார். யாரோ இறந்த செய்தி சொன்னபோதும் இதையே கேட்டார் என்று மாணவர்கள் சொல்வது அநேகமாகப் பொய்.

மெட்டு பழையதாக இருக்க வேண்டும் என்றார் குந்தோரோ. இதுவரை யாரும் கேட்காததாக இருக்க வேண்டும் என்றார் லெக்ஸோனோ. வேலை செய்ய வேண்டும் என்றார் தர்யந்தி. மூவரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தப் பார்த்ததில் பலூப்பிக்குக் கொடுத்த காலம் தீர்ந்தது. கெஞ்சி வாங்கிய கூடுதல் காலமும் தீர்ந்தது. இந்தப் பருவத்துக்குள் தேறாவிட்டால் கல்லூரி அவள் பெயரை அடித்துவிடும். பட்டமும் இல்லை, பாடமும் இல்லை.

அவளுடைய அப்பா பாக் மர்ஜோனோ கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். சிவப்பு உறை போட்ட நாற்காலி, பின்னால் தங்க நாடா. மகளின் முகத்தைப் பார்த்து, "கவலைப்படாத கண்ணு. நாற்காலி எங்கயும் போகாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

*

ஆய்வு இதுதான். ஊருக்குத் தெற்கே ஒரு முதியோர் இல்லம். அங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மறதி நோய். பகலில் சமாளித்துவிடுவார்கள். பொழுது சாயும் நேரத்து மஃரிப் பாங்கு நெருங்கினால் தவிப்பு பிடித்துக்கொள்ளும். எழுந்து நடப்பார்கள், கதவைத் தட்டுவார்கள், "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். "இதுதான் உங்க வீடு" என்று ஊழியர்கள் தினமும் சொன்னார்கள். ஒருவரும் ஒருநாளும் நம்பியதில்லை. அந்த நேரத்துத் தவிப்பை இசையால் அடக்க முடியுமா என்று பலூப்பி பார்க்க வேண்டும்.

எந்த இசை என்று முடிவு செய்ய, அவள் ஊரில் வயதானவர்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். "எந்த மெட்டைக் கேட்டா உங்களுக்கு மனசு லேசாகும்?"

பள்ளிவாசல் வாசலில் கேட்டாள், சந்தையில் கேட்டாள், பல் வைத்தியர் வீட்டு வராந்தாவில் கேட்டாள். எல்லோரும் முகம் மலர்ந்து ஒரே பதிலைச் சொன்னார்கள். கல்யாணத்தில் கடைசியாக வாசிப்பார்களே, விருந்தாளிகளை அனுப்பி வைக்கும் மெட்டு, அதுதான்.

ஒரு துணிக்கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டு, "அதைக் கேட்டாலே ஒரு நிம்மதி வரும் பாருங்க, அப்படியே உடம்பெல்லாம் தளரும்" என்றார்.

பலூப்பி இதை ஆய்வில் பெரிய எழுத்தில் எழுதினாள். மெட்டு பழையது, குந்தோரோ தலையாட்டினார். உடம்பு தளர்கிறது, தர்யந்தி தலையாட்டினார்.

ஏன் தளர்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சோலோ கல்யாணத்தில் விருந்தாளி எழுந்து போய்ச் சாப்பாடு எடுப்பதில்லை. இடித்துக்கொண்டு போட்ட நாற்காலியில் முழங்கையை ஒடுக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டு தலைக்கு மேலே கைமாறிக் கைமாறி வரும். டீயும் பலகாரமும், அப்புறம் சூப், அப்புறம் சோறு, அப்புறம் ஐஸ். நடுவில் சம்பந்திகளின் பேச்சு. பெண்களுக்கு இடுப்பில் சுற்றி இறுக்கிய பட்டை வேறு. ஐஸ் முடிந்து அந்த மெட்டு எழும்பினால் மொத்த மண்டபமும் ஒரே ஆளாக எழுந்து, மணமக்கள் கையைத் தொட்டுவிட்டு, பட்டையை அவிழ்க்க வீட்டுக்கு ஓடும். நிம்மதி வராமல் என்ன செய்யும்?

பலூப்பிக்கு இது உறைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அவள் எந்தக் கல்யாணத்திலும் விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை. அந்த மெட்டு கேட்டதும் மற்றவர்களுக்குக் கால் வாசலுக்குப் போகும். அவளுக்குக் கை நாற்காலிக்குப் போகும். சின்ன வயதிலிருந்து அந்த இசைக்கு அவள் நாற்காலி மடக்கியிருக்கிறாள்.

மெட்டை எடுத்து எட்டு மடங்கு மெதுவாக இழுத்தாள். முழு கமெலான் வாத்தியக் குழுவை விட்டுவிட்டு, வெண்கலத் தகடுகளைக் கட்டையால் தட்டினால் மெத்தென்று ஒலிக்கும் கெண்டேர் ஒன்று, புல்லாங்குழல் ஒன்று, தூரத்தில் ஒரு பெரிய கோங் சேகண்டி என்று வைத்துக்கொண்டாள். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே டீயை ஆற்றிக் குடிக்கலாம். நடுவில் அவளே சொந்தமாகக் கோத்த பகுதிகள். கடைசியில் நீண்ட முடிவு. அதில்தான் அவள் உயிரை வைத்திருந்தாள்.

லெக்ஸோனோ தாளில் பார்த்தார். "ம்ம்" என்றார். பலூப்பி வாழ்க்கையை நினைத்துப் பார்த்தாள். "மெட்டு அடையாளமே தெரியல. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வாழ்த்துகள்."

*

முதல் நாள் இல்லத்துக் கூடத்தில் முதியவர்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குழலும் கோங்கும் ஒலிபெருக்கியில் பதிவாக வந்தன. பலூப்பி தரையில் அமர்ந்து கெண்டேர் வாசித்தாள். இரண்டு கையிலும் கட்டை; குனிந்த தலை நிமிராது.

இரண்டாவது சுரம் விழுந்தபோது ஏதோ சரசரப்பு. மூன்றாவதில் யாரோ அவள் தோளைத் தொட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சு கண்ணு" என்றார்கள். ஆசீர்வாதம் என்று நினைத்தாள். பிறகு இன்னொரு கை, இன்னொரு கை. ஒரு தாத்தா அவளுடைய மணிக்கட்டையே பிடித்துக் குலுக்கியதில் ஒரு சுரம் வழுக்கியது. அதையும் பொறுத்துக்கொண்டு கண்ணை மூடி வாசித்தாள்.

கண்ணைத் திறந்தபோது கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. பழக்கதோஷத்தில் ஒன்றை மடக்கக் கை போனது.

எல்லோரும் வாசல் கேட்டில் வரிசையாக நின்றார்கள். முன்னால் எம்பா ஸஸ்த்ரோ. எம்பா என்று அங்கே தாத்தாவையும் பாட்டியையும் கூப்பிடுவார்கள். இவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மனைவி பெயர் மறந்துவிட்டது, வரிசை மறக்கவில்லை.

"தள்ளாதீங்க, தள்ளாதீங்க. எல்லாருக்கும் வண்டி இருக்கு" என்றார்.

பின்னால் எம்பா கிஸ்மி. சந்தையில் முப்பது வருஷம் துணி விற்றவர். வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம் இரண்டைக் கைக்குட்டையில் முடிந்து கக்கத்தில் வைத்திருந்தார். "என்னம்மா கல்யாணம் இது, ஐஸே போடல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். "பொண்ணு வீட்டுக்காரங்க கஞ்சம்."

"மாப்பிள்ளைய நான் பாக்கவே இல்ல."

"பாத்து என்ன ஆகப்போகுது? பொண்ணு வாசிச்சுட்டே இருக்கு. அதுவே தனக்கு வாசிச்சுக்குது பாவம்."

பொழுது சாய்ந்து, அவர்களை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஊழியர்களுக்கு முதுகு ஒடிந்தது. வழக்கமாக இரண்டு பேர் அலைவார்கள், மூன்று பேர் அலைவார்கள். இன்று மொத்த இல்லமும் வீட்டுக்குக் கிளம்பியிருந்தது.

இல்லத்தின் பொறுப்பாளர் இபு விநார்ஸி, பலூப்பிக்கு டீ கொடுத்தார். வாய் நிறையச் சிரித்தார்.

"ரொம்ப அழகா இருந்துச்சும்மா. இவ்வளவு அழகான இசைய நாங்க மட்டும் கேக்கிறோமேன்னு வருத்தமா இருக்கு. வேற இல்லத்துக்காரங்களும் கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

இதற்குமேல் கடுமையாக ஒரு சோலோப் பெண்மணி பேசிவிட முடியாது. பலூப்பிக்குக் காது சுட்டது. இன்னும் சில வாரம் கொடுங்கள் என்று கெஞ்சி, இரு கையாலும் அவர் கையைப் பிடித்து விடைபெற்றாள்.

*

அவள் திருத்திப் பார்த்தாள். கோங்கை நீக்கினாள், எழுந்தார்கள். குழலை நீக்கினாள், எழுந்தார்கள். இன்னும் மெதுவாக்கினாள், எழுந்தார்கள், ஆனால் விடைபெறுவதில் அவசரம் காட்டாமல் ஒவ்வொருவரும் அவளுடைய பெற்றோர் நலம் விசாரித்தார்கள். நாற்காலியைக் கேட்டுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கல்லூரியில் மூன்று பேருக்கும் முன்னால் கணக்குச் சொல்ல வேண்டிய நாள் வந்தது.

"அலைச்சல் குறைஞ்சுதா?" என்றார் இபு தர்யந்தி.

"குறைஞ்சுது இபு. யாரும் அலையல. எல்லாரும் ஒரே இடத்துல நின்னாங்க."

"நல்லது. எந்த இடத்துல?"

"கேட்டுல."

தர்யந்தி பேனாவை மூடினார்.

"மெட்டைக் கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்றார் லெக்ஸோனோ. 'ம்ம்' போடாமல் அவர் நேராகப் பேசியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஆமா பாக்."

"எந்த இடத்துல கண்டுபிடிச்சாங்க?"

"ரெண்டாவது சுரத்துல."

லெக்ஸோனோ சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அதாவது பாரும்மா" என்றார் குந்தோரோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அரண்மனை ரெண்டா பிரிஞ்ச காலத்துல..."

"பாக் குந்தோரோ" என்றார் தர்யந்தி, "இந்தப் பொண்ணுக்கு அவ்வளவு டைம் இல்ல." பலூப்பி பக்கம் திரும்பினார். "இசை தவிப்பை அடக்குதுன்னு எழுதியிருக்க. அடக்கல, கிளப்பி விடுது. இப்படியே வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வியாழக்கிழமை நாங்க மூணு பேரும் நேர்ல வர்றோம். என்னதான் நடக்குதுன்னு பாக்கணும். அதுல ஏதாவது ஒண்ணு கிடைச்சா வெச்சுக்கலாம். இல்லன்னா..."

பலூப்பியின் மனதில் சிவப்பு உறை போட்ட நாற்காலிகள் அணி வகுத்தன.

*

பேராசிரியர்கள் மூவர் வருகிறார்கள் என்றதும் இபு விநார்ஸி இல்லத்தைத் துடைத்து மெழுகிவிட்டார். விருந்தாளி வந்தால் வெறும் டீயோடு விடலாமா? சமையற்கட்டில் சொல்லி, எல்லாவற்றையும் முறையாக வைத்தார். டீ, பலகாரம், கேரட் மிதக்கும் சூப், தேங்காய்ப்பால் சோறு, கடைசியில் சின்னக் கிண்ணத்தில் ஐஸ். முதியவர்களுக்கும் அதே வரிசையில். பேராசிரியர்கள் முன்வரிசையில் பூப்போட்ட பாத்திக் சட்டையில் முழங்கையை ஒடுக்கி உட்கார்ந்தார்கள்.

எம்பா கிஸ்மி ஐஸைச் சுரண்டிச் சாப்பிட்டார். "இது பரவால்ல. போன தடவை ரொம்ப மோசம்."

பலூப்பி கட்டையை எடுத்தாள். முதல் சுரம். இரண்டாவது சுரம்.

நாற்காலிகள் நகர்ந்தன. அவள் தலை நிமிரவில்லை. தோளில் ஒரு கை பட்டது, மணிக்கட்டில் ஒரு கை. "நன்றிம்மா, நன்றி." பிறகு ஒரு கை வந்தது, வழவழப்பான, சுருக்கமில்லாத கை. நிமிர்ந்து பார்த்தாள்.

இபு தர்யந்தி. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரு கையாலும் பலூப்பியின் விரல் நுனியைத் தொட்டு, அதே விரலைத் தன் மார்பில் வைத்து, சிரித்த முகத்தோடு கதவைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் லெக்ஸோனோ. லெக்ஸோனோவுக்குப் பின்னால், அவரைத் தள்ளாத குறையாக அவசரப்பட்டுக்கொண்டு ஊழியர்கள் இருவர். குந்தோரோ ஏற்கெனவே கூடத்தில் இல்லை.

வெளியில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பலூப்பி கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். மரத்தடியில் குந்தோரோ தன் பழைய காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். தான் எங்கே போகக் கிளம்பினோம் என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தவர் போலிருந்தது முகம். யோசித்து முடிப்பதற்குள் பின்கதவு திறந்தது. எம்பா ஸஸ்த்ரோ ஏறி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபக்கம் எம்பா கிஸ்மி. மடியில் கைக்குட்டை முடிச்சு.

"ஸ்டேஷன் பக்கமா எறக்கி விட்டுடுங்க" என்றார் ஸஸ்த்ரோ. "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா."

குந்தோரோ பலூப்பியைப் பார்த்தார். வயதில் மூத்தவர் ஒருவர் காரில் ஏறி உட்கார்ந்து சிரமம் இல்லையே என்று கேட்டுவிட்டார். இறங்குங்கள் என்று சொல்ல குந்தோரோவின் வாயில் வார்த்தை கிடையாது. அவர் அப்பா வாயிலும் இருந்ததில்லை.

"சிரமமே இல்ல பாக்" என்றார். "போற வழிதான்."

பலூப்பி முன்சீட்டில் தாவி ஏறினாள். கார் கேட்டைத் தாண்டியது. இபு விநார்ஸி வாயில் கை வைத்து நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

"என்ன பண்றது?" என்று குந்தோரோ உதடு அசையாமல் கேட்டார்.

"தெரியல பாக். ஓட்டுங்க."

"எங்க ஓட்ட?"

"மெதுவா ஓட்டுங்க."

சந்தைப் பக்கம் போனார்கள். கிஸ்மி கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இவன் கடனுக்குத் தருவான், துணி சாயம் போகும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ரயில்வே கேட்டில் நிற்க வேண்டி வந்தது. ரயில் கடந்தபோது ஸஸ்த்ரோ நிமிர்ந்து உட்கார்ந்து அதற்குச் சலாம் வைத்தார். குந்தோரோ அந்தப் பாதை போட்ட வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

"பாக், கேட்டு தெறந்தாச்சு" என்றார் ஸஸ்த்ரோ. "பின்னாடி வண்டி நிக்குது. வரலாறு அப்புறம்."

வேறு போக்கிடம் தெரியாமல் குந்தோரோ வளைந்து வளைந்து, இல்லத்தின் பின்பக்கச் சந்தில் வந்து சேர்ந்தார். சந்து குறுகல், ஊர்ந்துதான் போக முடியும். அந்தப் பக்கம் சமையற்கட்டு, துணி காயப்போடும் கொடி, படுக்கையறைகளுக்குப் போகும் பச்சைக் கதவு.

"நிறுத்துங்க!" என்றார் ஸஸ்த்ரோ. "அதோ என் கைலி காயுது. வீடு வந்துடுச்சு."

கார் நின்றது. ஸஸ்த்ரோ இறங்கி, கதவைச் சாத்தி, குனிந்து குந்தோரோவிடம், "வாசல் வரைக்கும் வந்துட்டீங்க. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"இருக்கட்டும் பாக், இன்னொரு நாள் வர்றேன்."

"அட வாங்க."

"வீட்டுல காத்துக்கிட்டிருப்பாங்க பாக்."

"சரி, வற்புறுத்தல" என்று மூன்றாவது தடவை வற்புறுத்திவிட்டு, ஸஸ்த்ரோ கொடியிலிருந்து கைலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பச்சைக் கதவைத் திறந்து, செருப்பை வெளியே கழற்றி, தன் அறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். கிஸ்மி பின்னாலேயே போய்த் தன் அறையில் இடுப்புப் பட்டையைத் தளர்த்தினார்.

பலூப்பி கதவடியில் நின்று காத்திருந்தாள். பாங்கு ஒலித்தது. விளக்குப் போட்டார்கள். வழக்கமாக இந்நேரம் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இருவரும் வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எதற்கு வருவார்கள்?

அவள் முன்கேட்டுக்கு ஓடினாள். வரிசை இன்னும் அங்கே நின்றது; அதில் இபு தர்யந்தியும் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பாட்டிகளுக்கு நடுவில்.

"உள்ள கூட்டிட்டுப் போகாதீங்க!" என்று பலூப்பி கத்தினாள். "வெளில கூட்டிட்டுப் போங்க! சுத்தி வந்து பின்னால விடுங்க!"

இபு விநார்ஸிக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டைத் திறந்தார். லெக்ஸோனோ ஒரு தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மதிற்சுவரை ஒட்டி ஊர்வலம் போல நடந்தார்கள். பச்சைக் கதவில் பலூப்பி நின்று ஒவ்வொருவர் கையையும் தொட்டு, "பத்திரமா வந்து சேந்தீங்களா?" என்று கேட்டாள். "வந்தாச்சு வந்தாச்சு" என்று உள்ளே போனார்கள். அன்றைக்கு இல்லத்தில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

"பத்துக்கு எத்தனை இபு?" என்றாள் பலூப்பி.

தர்யந்தி தன் தோளில் மாட்டியிருந்த கைப்பையை அப்போதுதான் பார்த்தார். "நான் ஏன் இதை எடுத்துட்டு வந்தேன்?" என்றார்.

*

அதன் பிறகு தினமும் அப்படியே நடந்தது. டீ, சூப், சோறு, ஐஸ், மெட்டு, கேட்டு, மதிற்சுவர், பச்சைக் கதவு. இபு விநார்ஸி வேறு இல்லத்துக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டும் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். தவிப்பு குறைந்தது. தர்யந்தி கேட்ட எண்கள் கிடைத்தன.

ஆனால் தர்யந்தி விடுகிற ஆளில்லை. "உன்னோட இசை இதைச் செய்யுதா, இல்ல எந்த இசையா இருந்தாலும் செய்யுமா? ஒரு வாரம் உன் இசையை எடுத்துட்டு சாதாரணக் கல்யாண கேசட்டைப் போடு."

பலூப்பி அப்பாவின் கொட்டகையிலிருந்து கேசட் எடுத்துப் போனாள். அதே பலன். சொல்லப்போனால், கேசட்டில் மெட்டு வேகமாக இருந்ததால் கொஞ்சம் சீக்கிரமே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று வீட்டில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாக் மர்ஜோனோ நாற்காலி உறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, என் இசை தேவையே இல்ல. உங்க கேசட்டு போதும்."

"நல்ல கேசட்டு அது" என்றார் அவர்.

"இதை எழுதினா, இசையமைப்புப் பகுதி போயிடும். பாக் லெக்ஸோனோ தேற விட மாட்டாரு."

"எழுதாம விட்டா?"

அவள் யோசித்தாள். எழுதாமல் விட்டால் தேறலாம். பிறகு எந்த இல்லத்துக்காரராவது அவள் ஆய்வைப் படித்துவிட்டு, கேசட்டே போதும் என்று தெரியாமல் எட்டு மடங்கு மெதுவான இசையைப் போட்டு, பாட்டிகளை கேட்டில் நிற்கவைத்துக் காத்திருப்பார்.

"எழுதுறேன்" என்றாள்.

"எழுது" என்றார் அப்பா. நூலைக் கடித்து அறுத்தார்.

*

தேர்வு நாளில் மூவரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பலூப்பி எதையும் மறைக்கவில்லை. இசை அமைதிப்படுத்தவில்லை, முறையாக விடைகொடுத்து வீடு கொண்டுபோய் விட்டால் அமைதி வருகிறது, மெட்டு அதற்கு அழைப்பு, தன் இசையும் கல்யாண கேசட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, கேசட் கொஞ்சம் வேகம். எல்லாவற்றையும் சொன்னாள்.

"சிகிச்சைப் பகுதி தேர்ச்சி" என்றார் தர்யந்தி. "தலைப்பை மாத்திடு."

"வரலாற்றுப் பகுதியும்" என்றார் குந்தோரோ. "அதாவது, அந்த மெட்டு எப்படி வந்ததுன்னு இவ எழுதினது சரி. அதுல நான் இன்னும் கொஞ்சம் சேக்கலாம்னு..."

எல்லோரும் லெக்ஸோனோவைப் பார்த்தார்கள்.

"ம்ம்" என்றார்.

பலூப்பிக்கு நினைத்துப் பார்க்க வாழ்க்கையில் மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

"விதிப்படி" என்றார் லெக்ஸோனோ, "இசையமைப்பைத் தேர்வுக்குழு ஒரு தடவையாவது முழுசாக் கேட்டிருக்கணும். கேக்காம எப்படி மார்க் போடுறது? நான் இதுவரைக்கும் ரெண்டு சுரம்தான் கேட்டிருக்கேன்."

"நானும்" என்றார் தர்யந்தி.

"எனக்கு ஒண்ணரை" என்றார் குந்தோரோ.

கெண்டேரும் ஒலிபெருக்கியும் அறையிலேயே இருந்தன. பலூப்பி தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை தலை குனியவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

முதல் சுரம். இரண்டாவது சுரம்.

குந்தோரோவின் முட்டி உயர்ந்தது. அவர் அதைக் கையால் அமுக்கினார். தர்யந்தி காலை நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டார். அவருடைய வலது கை தானாகக் கைப்பையைத் தேடிப் போனது. இடது கை அதைத் தடுத்தது. லெக்ஸோனோ மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குடுமி மட்டும் வாசல் பக்கம் திரும்பியது போலிருந்தது. ஒலிபெருக்கியில் கோங் விழுந்தபோது மூவருக்கும் நெற்றியில் வியர்த்தது. குந்தோரோ பாதி எழுந்தேவிட்டார். தர்யந்தி அவர் சட்டை முனையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பலூப்பி நிறுத்தவில்லை. நடுப் பகுதி வந்தது. அவளே கோத்த பகுதிகள் வந்தன. அதைக் கடந்து யாரும் உட்கார்ந்து கேட்டதே இல்லாத இடம் வந்தது. அவளுக்கே அது புதிதாக இருந்தது; ஆள் இருக்கும் அறையில் அது எப்படி ஒலிக்கும் என்று அவளும் அன்றுதான் கேட்டாள். பிறகு நீண்ட முடிவு. கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கும்வரை மூவரும் நாற்காலியில் இருந்தார்கள். அதன்பின் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

லெக்ஸோனோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மதிப்பெண் எழுதினார். தேர்ச்சி.

"முடிவு ரொம்ப நீளம்" என்றார். "இதுக்கு முன்னாடி அது வரைக்கும் யாரும் கேட்டதில்லையா?"

"இல்ல பாக்."

"தெரியுது" என்றார். "வெட்டிக் கொண்டு வா."